வாசி உள்ள காசு

குறை என்பது பொருளில் இருக்கிறதா, அன்றி அப்பொருள் இன்னவாறு இருத்தல் வேண்டும் என்று முன்னரே அறிந்துவைத்திருக்கும் மனிதனுடைய ஞானத்தில் இருக்கிறதா என்னும் கேள்வி நம் தேசத்துத் தார்க்கிகர்களுக்குப் புதியதன்று. வைசேஷிக மரபில் வந்த பிற்காலத்து ஆசிரியர்கள் பதார்த்தங்களை எண்ணும்போது, திரவியம், குணம், கர்மம் முதலிய ஆறோடு நில்லாமல், அபாவம் என்பதை ஏழாவதாகச் சேர்த்தார்கள். இல்லாமையும் அறியத்தக்கதொரு பொருளே என்பது அவர்கள் கொள்கை. ஆயினும் அதற்கு ஒரு நிபந்தனை விதித்தார்கள். எது இல்லையோ அதைப் பற்றிய அறிவு முன்னமே உடையவனுக்குத்தான் அதன் இல்லாமை புலப்படும்; குடத்தை ஒருகாலும் அறியாதவன் வெறுந்தரையைப் பார்த்து, இங்கே குடம் இல்லை என்று சொல்லமாட்டான். இந்த நுட்பமான விஷயத்தைப் பிரத்தியட்சமாகக் காண விரும்புகிறவர் சாஸ்திரப் பாடசாலையைத் தேடிப் போக வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமையன்று பல்லாவரம் சந்தைக்குப் போனால் போதும்.

பழைய டிரங்க் ரோட்டில் கூடும் அந்தச் சந்தையில், பூச்செடிகளும் புறாக்களும் பழைய கடிகாரங்களும் பித்தளைச் சாமான்களும் பரப்பிக் கிடக்கும் இடங்களுக்கு நடுவே, தரையில் துணி விரித்துக் காசுகளைக் குவித்து வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. அக்குவியலின் முன்னே குத்துக்காலிட்டு, சிறிய லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காசாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பவர்கள் எல்லோரும் விக்டோரியா மகாராணியின் தலையையோ சோழர் செப்புக்காசையோ தேடுகிறவர்கள் அல்லர். நேற்றுத் தேநீர்க் கடையில் மிச்சமாகக் கைக்கு வந்த ஒரு ரூபாயையும் இரண்டு ரூபாயையும் அவ்வளவு சிரத்தையோடு பார்க்கிறவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவது காசை அன்று. காசில் நேர்ந்த பிழையை. வழிப்போக்கர்கள் இதை வேலையற்ற வேலை என்று எண்ணி நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கோ அவர்கள் செய்கையில் சமய விசாரத்துக்கும் தத்துவ விசாரத்துக்கும் உரிய ஒரு பெரிய கேள்வி அடங்கியிருப்பதாகவே தோன்றுகிறது: சிறு குறை ஒரு பொருட்டா?

காசு பிறக்கும் முறையை அறிந்தால்தான் அதன் குறை பிறக்கும் வழியும் விளங்கும். நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டி எடுக்கப்படுகின்றன. அவற்றின் விளிம்பு சற்றே மேடாக்கப்படுகிறது. பிறகு ஒவ்வொரு வில்லையும், பக்கவாட்டில் பரவிவிடாதபடி ஒரு வளையத்துக்குள் அடங்கி, மேலும் கீழுமாக உள்ள இரண்டு எஃகு அச்சுகளுக்கு நடுவே நின்று, ஒரே அழுத்தத்தில் இரு முகமும் பெற்று வெளியே வருகிறது. இது நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கான முறை நடக்கும் காரியம். வில்லை தன் இடத்தில் சரியாக உட்காராமல் போனால், ஒரு பக்கம் பிறை போல் வெறுமையாக நிற்க, மறுபக்கம் சித்திரம் விளிம்பைத் தாண்டி ஓடிப்போகும். வளையம் தவறினால் காசு அகன்று தட்டையாகிவிடும். அச்சில் விரிசல் கண்டால், அவ்விரிசலுக்குள் உலோகம் பாய்வதால் காசின்மேல் மெல்லிய கோடொன்று புடைத்து நிற்கும். அச்சில் பள்ளமாக இருப்பது காசில் மேடாக வருமாதலின், புடைத்த கோடு அச்சின் நோயையும் கீறிய கோடு காசு பட்ட அடியையும் காட்டும். அச்சில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டால் ஓர் எழுத்தோ இலக்கமோ மறைந்துவிடும். அச்சு தன் நிலையிலிருந்து சுழன்றுவிட்டால், இடவலமாகத் திருப்பும்போது நிமிர்ந்து நிற்கவேண்டிய மறுமுகம் சாய்ந்தோ தலைகீழாகவோ நிற்கும். இவை எல்லாவற்றினும் விசித்திரமானது ஒன்று: அச்சிட்ட காசு கீழே விழாமல் ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்து வரும் வில்லைக்குத் தானே அச்சாகிவிடுவது. அப்படிப் பிறந்த காசில் அசோக ஸ்தம்பத்துச் சிங்கங்கள் ஒரு முகத்தில் மேடாகவும், மறுமுகத்தில் இடவலம் மாறிக் குழிவாகவும் தோன்றும். தன் முன்னோனின் முகத்தைத் தன் முதுகில் சுமந்து திரியும் காசு அது.

இல்லாமையை அறிவதற்கு உள்ளதை அறிந்திருக்க வேண்டும் என்ற தார்க்கிகர் வாக்கு இங்கே எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு ஆண்டு இலக்கத்தின் கீழுள்ள சிறு குறியே சான்று. மும்பை அக்கசாலையில் அடித்த காசுக்கு வைரவடிவக் குறி உண்டு; ஹைதராபாத்துக்கு நட்சத்திரம்; 1988 முதல் காசு அடிக்கும் நொய்டாவுக்கு ஒரு புள்ளி. கொல்கத்தாவுக்கோ குறியே இல்லை. புதிதாகப் பார்க்கத் தொடங்கிய இளைஞன் கொல்கத்தாக் காசைக் கையிலெடுத்து, குறி விடுபட்ட அபூர்வம் என்று துள்ளுகிறான். பழகியவர் புன்னகையோடு அதை வாங்கிக் குவியலில் போட்டுவிடுகிறார். இரண்டு காசிலும் ஒரே வெற்றிடம். ஆயினும் குறியோடு பிறக்கவேண்டிய காசில் அவ்வெற்றிடம் குறை. குறியின்றியே பிறக்கும் காசில் அதுவே அடையாளம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிவதால், பேதத்தைச் செய்வது கண்ணன்று, கண்ணுக்குப் பின்னே நிற்கும் அறிவே என்பது தெளிவு.

பிழையைத் தேடுகிறவர்களுடைய வித்தையில் நான் மிகவும் மதிப்பது, பிறவிக் குறையையும் பிற்காலத்துக் காயத்தையும் அவர்கள் பிரித்தறிவதைத்தான். தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசும், அரத்தால் ராவிய காசும், அமிலத்தில் ஊறிய காசும் பாமரன் கண்ணுக்கு அபூர்வமாகத் தோன்றலாம். அக்கசாலையைவிட்டு வந்தபின் நேர்ந்த எதையும் அவர்கள் பிழை என்று ஒப்புவதில்லை. விளிம்பில் ஒரு கடி விழுந்தாற்போல் குறைந்திருக்கும் காசைக் கண்டால் அவர்கள் கண் முதலில் அக்கடியின்மேல் செல்லாது. அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பின்மேல் செல்லும். வில்லையாக இருந்தபோதே கடி விழுந்திருந்தால், விளிம்பை மேடாக்கும் யந்திரத்தில் எதிர்ப்பக்கம் போதிய அழுத்தம் பெறாமல் அவ்விடத்து விளிம்பு மழுங்கியிருக்கும். பின்னால் வெட்டியவனுக்கு இந்த எதிர்ப்பக்கத்து மழுக்கத்தைச் செய்யத் தெரியாது. குறையின் உண்மை குறையுள்ள இடத்தில் இல்லாமல், அதற்கு அப்பாலுள்ள இடத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைக் காணும்போது, மனித சுபாவத்தைப் பற்றியும் இவ்வாறே விசாரிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே அதிகம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் எண்ணாமலிருக்க முடியவில்லை.

இத்தகைய பார்வை பல்லாவரத்து மண்ணுக்கே உரியது என்று சொன்னால் மிகையாகாது. 1863 ஆம் ஆண்டு மே மாதம் 30 ஆம் தேதி, பூகர்ப்ப சாஸ்திர இலாகாவைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் என்பவர் இங்கே பரேடு மைதானத்தருகே இருந்த சரளைக் குழியிலிருந்து ஒரு கல்லை எடுத்தார். ஆயிரம் பேர் காலில் மிதித்துப் போயிருக்கக்கூடிய கல் அது. அதன் ஓரங்களில் இருந்த சில்லுகள் வெயிலாலும் நீராலும் தாமாகப் பெயர்ந்தவை அல்ல, ஒரு கை வேண்டுமென்றே தட்டிப் பெயர்த்தவை என்று அவர் கண்டுகொண்டதனால்தான், பாரத தேசத்தில் பழங்கற்கால மனிதன் வாழ்ந்தான் என்ற உண்மை உலகுக்குத் தெரிந்தது. தற்செயலாக உடைந்ததையும் செய்கையால் உடைந்ததையும் பிரித்த அந்தக் கண்ணும், பல்லாவரத்துச் சந்தையில் அச்சின் விரிசலையும் ஆணியின் கீறலையும் பிரிக்கும் கண்ணும் ஒரே ஜாதி. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அவர்கள் களிம்பேறித் தேய்ந்த சிறு செப்புக்காசுகளைச் சலியாமல் உற்று நோக்கி, அவற்றிலொன்றில் பெருவழுதி என்னும் பெயரைப் பிராமி எழுத்தில் படித்துக்காட்டியபோது, சங்ககாலத்துப் பாண்டியர் பெயர் பொறித்துக் காசு வெளியிடவில்லை என்று அதுவரை சொல்லிவந்தவர்கள் தங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. சிறு விஷயம் ஒரு பொருட்டா என்று கேட்பவர்களுக்கு இவ்விரண்டு உதாரணங்களே ஒரு பகுதி விடையாகும்.

இனி, பிழை என்ற எண்ணமே எப்போது பிறந்தது என்று பார்க்க வேண்டும். ராஜராஜன் காலத்துச் செப்புக்காசுகளை எழும்பூர் அரசாங்க மியூஸியத்திலோ வேறிடத்திலோ பார்த்தவர்களுக்குத் தெரியும்: நிற்கும் உருவத்தின் தலை ஒரு காசில் விளிம்போடு போயிருக்கும், இன்னொன்றில் பாதம் போயிருக்கும், மற்றொன்றில் எழுத்து பாதி நிற்கும். கையால் வில்லையை வைத்து, கையால் சுத்தியலை ஓங்கி அடித்த காலத்தில் ஒரு காசைப் போல் மற்றொரு காசு இருந்ததில்லை; இருக்கவேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவும் இல்லை. சென்னையில் தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் கொடுத்த கம்பெனியாரின் அக்கசாலை 1869 இல் மூடப்படுவதற்கு முன்னரே யந்திரத்தின் காலம் வந்துவிட்டது. கோடிக்கணக்கான காசுகளை ஒன்றுபோல் அடிக்க முடியும் என்று ஆனபிறகே, ஒன்றுபோல் இல்லாதது பிழையாயிற்று. பூரணத்தை வாக்களித்த பிறகுதான் அபூரணம் கண்ணில் உறுத்துகிறது. இதை உணர்ந்துதானோ என்னவோ, சட்டமே அபூரணத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறது. நம் தேசத்தில் இன்று அமலிலுள்ள 2011 ஆம் ஆண்டு நாணயச் சட்டம், ஒவ்வொரு காசுக்கும் உரிய எடையை விதிக்கும்போதே, அவ்வெடையிலிருந்து எவ்வளவு தூரம் விலகலாம் என்பதற்கும் ஓர் அளவை விதிக்கச் சொல்கிறது. விலக்கு இல்லாத விதியை மனிதர்களால் நிறைவேற்ற இயலாது என்ற பணிவு அரசாங்கத்தின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. நம்மில் பலர் பிறரை மதிப்பிடும்போது அந்தப் பணிவு இருப்பதில்லை.

ஆனால் கையால் அடித்த காலத்தில் காசைச் சோதிப்பவர் இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. சோதனை இருந்தது, அது முத்திரையைவிட உலோகத்தையே நோக்கியது. கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரத்தில் காசு அடிப்பதை மேற்பார்க்கும் அதிகாரியும் காசைச் சோதிக்கும் அதிகாரியும் வேறு வேறாகச் சொல்லப்படுகிறார்கள். சோதனைக்கென்று தனிக் கட்டணமும் உண்டு. நம் சங்கப் புலவர்களின் பெயர்களைப் பாருங்கள்: வடம வண்ணக்கன் தாமோதரனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர்கிழான், வண்ணக்கன் சாத்தனார். பொன்னையும் காசையும் நோட்டம் பார்க்கும் தொழிலுடையவரே வண்ணக்கர். பகலில் பொன்னின் மாற்றை உரைத்துப் பார்த்த அதே மனிதர் பாட்டும் பாடினார் என்பது எனக்கு மிகுந்த ஆனந்தம் தரும் செய்தி. 1898 இல் புதுக்கோட்டைச் சீமையில் அகப்பட்ட ரோமாபுரிப் பொற்காசுகளில் மிகப் பலவற்றில் சக்கரவர்த்தியின் தலைமேல் உளி வெட்டு விழுந்திருக்கிறது. அது ஏன் வெட்டப்பட்டது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. முத்திரையில் உள்ள முகம் யாருடையதாயினும், பொன் பொன்னாகவே எண்ணப்பட்டது என்பதில் பேதம் இல்லை. சோழர் சாசனங்களில் அன்றாடு நற்காசு என்று மீண்டும் மீண்டும் வருவதும் இக்கவலையினால்தான்: கோயிலுக்குக் கொடுக்கும் காசு அன்று செலாவணியில் உள்ளதாகவும், நல்லதாகவும் இருக்கவேண்டும்.

இப்பீடிகையோடு நான் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். பல்லாவரத்திலிருந்து பம்மல், அனகாபுத்தூர் வழியாகப் போகும் சாலை குன்றத்தூரில் கொண்டு விடுகிறது. அது சேக்கிழார் பிறந்த ஊர். அவர் எடுப்பித்ததாகச் சொல்லப்படும் திருநாகேசுவரம் கோயில் அங்கே இருக்கிறது. அநபாய சோழனுக்கு அமைச்சராக இருந்து, ராஜாங்கக் கணக்கும் வரியும் பொன்னும் காசும் இன்னவென்று அறிந்திருந்த அந்தப் பெரியார், நாயன்மார் சரித்திரத்தைப் பாடும்போது, ஒரு காசின் குறையைச் சுற்றி ஓர் அற்புதமான வரலாற்றை அமைத்திருக்கிறார். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்த காலத்தில் மழை பொய்த்துப் பஞ்சம் வந்தது. அடியார்கள் பசியால் வாடுவதைக் கண்டு இருவரும் வருந்தினர். சிவபெருமான் அவர்கள் கனவில் தோன்றி, நாள்தோறும் படிக்காசு தருவதாக அருளினார். கிழக்குப் பீடத்தில் ஒரு காசு சம்பந்தருக்கு. மேற்குப் பீடத்தில் ஒரு காசு நாவுக்கரசருக்கு. அக்காசுகளைக் கொண்டு இரண்டு மடங்களிலும் அடியார்களுக்கு அமுது நடந்தது. ஆனால் நாவுக்கரசர் மடத்தில் அமுது காலத்தோடு முடிந்துவிட, சம்பந்தர் மடத்தில் நாள்தோறும் தாமதமாயிற்று. காரணம் கேட்டபோது பரிசனத்தார் சொன்ன விடை இது: நமக்குக் கிடைக்கும் காசுக்குக் கடைவீதியார் வாசி கேட்கிறார்கள், அவருக்குக் கிடைக்கும் காசுக்குக் கேட்பதில்லை. வாசி என்பது, மாற்றுக் குறைந்த காசை மாற்றும்போது வணிகர் தள்ளுபடி செய்துகொள்ளும் தொகை. நாவுக்கரசர் உழவாரம் ஏந்திக் கோயில்தோறும் கைத்தொண்டு செய்பவர் ஆகையால் அவர் காசு குறையற்றதாக வந்தது என்பதைச் சம்பந்தர் உணர்ந்தார். மறுநாள் கோயிலுக்குச் சென்று, காசின் வாசியைத் தீர்த்தருளும்படி பதிகம் பாடினார். அன்றுமுதல் அவர் காசும் நல்ல காசாயிற்று. அமுதும் காலத்தில் நடந்தது.

பரிபூரணனாகிய கடவுள் கொடுத்த காசில் குறை எப்படி வரும்? இந்த ஆட்சேபத்தைச் சிறுவர்களும் கேட்பார்கள், பெரியவர்களும் கேட்கவேண்டும். உடலுழைப்பின் உயர்வைக் காட்டுவதற்காகவே இறைவன் அவ்வாறு செய்தான் என்பது உபந்நியாசங்களில் வழக்கமாகக் கூறும் சமாதானம். சேக்கிழார் வாக்கிலும் அதற்கு ஆதாரம் இருக்கிறது. நான் அதை மறுக்கவில்லை. ஆயினும் அதோடு நின்றுவிட்டால் இவ்வரலாற்றின் பாதி அழகு நமக்குக் கிட்டாமற் போகிறது. கடைவீதியில் நின்ற வணிகரைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவர் கையில் வந்தது சாட்சாத் பரமேசுவரன் பீடத்தில் வைத்த காசு. அவரோ அதைக் கட்டளைக்கல்லில் உரைத்துப் பார்த்துவிட்டு, வாசி உண்டு என்கிறார். சேக்கிழார் அவரைப் பாவி என்று ஏசவில்லை. அவருக்கு எந்தத் தண்டனையும் விளைந்ததாகச் சொல்லவில்லை. அவர் கண்ணை இறைவன் மறைத்துவிடவும் இல்லை. அருள் உலகத்துக்குள் இறங்கி வரும்போது உலகத்தின் தராசுக்கும் உரைகல்லுக்கும் உட்பட்டே வருகிறது என்பதைத் தெய்வ நிந்தை என்று அவர் கருதவில்லை. நம்பிக்கையின் பெயரால் பரீட்சையை விலக்குகிறவர்களுக்கு எதிராக, பக்தியின் மகா காவியமே சாட்சி சொல்கிறது.

அடுத்து, சம்பந்தர் செய்ததைப் பாருங்கள். இறைவன் அளித்தது எதுவாயினும் ஏற்றுக்கொள்வதே அடியார்க்கு அழகு என்று அவர் வாளாவிருக்கலாம். தமக்குக் கிடைத்த காசில் குறை காண்பது நன்றிகேடு என்று எண்ணியிருக்கலாம். அவர் அங்ஙனம் எண்ணவில்லை. கடைவீதிக்குப் போய், இது சிவன் கொடுத்த காசு, வாசி கேளாமல் வாங்கிக்கொள்ளுங்கள் என்று வணிகரை நிர்ப்பந்திக்கவும் இல்லை. அப்படிச் செய்திருந்தால் நஷ்டம் வணிகர் தலையில் விழுந்திருக்கும். பேசாமல் இருந்திருந்தால் நஷ்டம் பசித்த அடியார்மேல் தொடர்ந்து விழுந்துகொண்டிருக்கும். அவர் காசைக் கொடுத்தவனிடமே போனார். காசில் நேர்ந்த குறைக்குக் காசை வெளியிட்டவனே பொறுப்பு. இடையில் நிற்கும் எந்தக் கையும் அதைச் சுமக்கலாகாது என்பதே அந்தப் பதிகத்தின் உட்கிடை என்று நான் கொள்கிறேன். மேலும், அவர் குறையைப் பொருட்படுத்தியது அதன் அளவை எண்ணியன்று. வாசி சொற்பமாகவே இருந்திருக்கலாம். அந்தச் சொற்பத்துக்காகப் பஞ்ச காலத்தில் ஒருவர் வயிறு ஒரு நாழிகை கூடுதலாகக் காய்ந்தது என்பதே அவரைப் பாடச் செய்தது.

உலோகத்திலுள்ள குறைக்கும் முத்திரையிலுள்ள குறைக்கும் உள்ள பேதத்தையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். சைவ சித்தாந்த ஆசாரியர்கள் ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பை உவமை சொல்வார்கள். களிம்பு செம்போடு என்று சேர்ந்தது என்று கேட்டால், செம்பு என்று உண்டோ அன்றே என்பது விடை. அது செம்பின் ஒளியை மறைக்குமேயன்றிச் செம்பைச் செம்பல்லாததாக ஆக்குவதில்லை. சம்பந்தர் கையிலிருந்த காசின் வாசி உலோகத்தைப் பற்றியது. சந்தையில் லென்ஸ் வைத்துத் தேடப்படும் பிழையோ முழுக்க முத்திரையைப் பற்றியது. உலோகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அச்சு சுழன்றுபோய்த் தலைகீழாக நிற்கும் ஐந்து ரூபாயும் ஐந்து ரூபாயே. அதைக் கொடுத்து வாங்கிய கீரைக்கட்டு குறைந்துவிடாது. சட்டத்தின்படி, சிதைக்கப்படாமலும், விதித்த அளவுக்கு மேல் எடை குறையாமலும் இருக்கும் காசு செல்லும். இன்றையக் காசின் மதிப்பு அதன் உலோகத்திலும் இல்லை, முத்திரையின் அழகிலும் இல்லை. வாங்குகிறவன் மறுபடி கொடுக்க முடியும் என்ற விசுவாசத்தில் இருக்கிறது.

அப்படியாயின் பிழையுள்ள காசுக்குச் சேகரிப்பவர்கள் நூறும் ஆயிரமும் கொடுப்பது எதற்காக? அபூர்வம் என்பதற்காக. அபூர்வமும் உயர்வும் ஒன்றல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் தீங்கு பெரிது. வைஷ்ணவ தேவி உருவம் பொறித்த காசு வீட்டிலிருந்தால் லக்ஷங்கள் வரும் என்றும், பழைய காசுக்குக் கோடி கொடுக்கக் காத்திருக்கிறார்கள் என்றும் கிளப்பப்படும் செய்திகளை நம்பி, அந்தக் கோடியைப் பெறுவதற்கு முன்பணமாகத் தங்கள் சேமிப்பை அனுப்பி இழந்தவர்கள் உண்டு. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, தன் பெயரைச் சொல்லிப் பழைய காசுகளையும் நோட்டுகளையும் வாங்க விற்கக் கமிஷன் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று பகிரங்கமாக எச்சரிக்க நேர்ந்தது. பிழையை அறிந்து மகிழ்வது ஞானத்தின்பாற்பட்டது. பிழையின்மேல் பேராசையை ஏற்றி வைப்பது அந்த ஞானத்தையே விற்பது. சந்தையில் பல வருஷங்களாகக் காசு பார்க்கும் நல்லவர்கள் இதை அறிவார்கள். நேற்று வந்தவர்களை அவர்கள் கண்டிப்பதையும் கேட்டிருக்கிறேன்.

இதற்கு நேர்மாறான தீங்கு ஒன்றைச் சென்னையின் இந்தத் தென் புறநகர்கள் நீண்ட காலம் அனுபவித்தன. இன்னும் முழுதும் தீர்ந்தபாடில்லை. 2009 இல் புழக்கத்துக்கு வந்த பத்து ரூபாய்க் காசு, மஞ்சள் வளையமும் வெண்ணிற நடுவுமாக அழகாகத்தான் இருந்தது. முதலில் வந்த வடிவங்களுள் ஒன்றில் ரூபாய்க் குறி இல்லை, மேலே பதினைந்து கோடுகள். 2010 இல் ரூபாய்க்குப் புதிய குறி ஏற்பட்டபின் வந்ததில் அக்குறி உண்டு, கோடுகள் பத்து. இந்த வேறுபாட்டைக் கண்ட யாரோ ஒருவர் ஒன்று நல்லது, மற்றொன்று கள்ளம் என்று சொல்ல, அச்சொல் ஊரூராகப் பரவிற்று. சிறிது காலத்தில் தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் கடைக்காரர்கள் பத்துக் கோடா பதினைந்து கோடா என்று எண்ணுவதைக்கூட விட்டுவிட்டு, பத்து ரூபாய்க் காசே வேண்டாம் என்றார்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, பதினான்கு வடிவங்களில் பத்து ரூபாய்க் காசு வெளியிடப்பட்டிருக்கிறது, பதினான்கும் செல்லும் என்று அறிக்கை விட்டது. சந்தேகமுள்ளவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள 14440 என்ற தொலைபேசி எண்ணையும் ஏற்படுத்தியது. அப்படியும் கடைக்காரர்களின் சந்தேகம் எளிதில் நீங்கவில்லை.

இல்லாத குறையைக் காண்பதும் ஒருவகைப் பார்வைதான். ஆனால் அதற்குப் பின்னே அறிவு இல்லை. பதினைந்து கோடும் பத்துக் கோடும் இரு வேறு காலத்து வடிவங்கள் என்று அறியாதவனுக்குப் பேதமெல்லாம் பிழையாகத் தோன்றுகிறது. இங்கே நஷ்டம் யார்மேல் விழுகிறது என்று கவனியுங்கள். அக்கசாலைமேல் விழவில்லை; காசை மறுத்த கடைக்காரர்மேல் விழவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டருகே முழம் போட்டு மல்லிகை விற்கும் அம்மாளின்மேல் விழுகிறது. மின்சார ரயிலில் இறங்கி அவசரமாகப் போகிறவர்கள் தங்களிடம் செல்லாமற்போன பத்து ரூபாய்க் காசுகளை அவரிடம் தள்ளிவிட்டுப் போகிறார்கள். வியாபாரம் போய்விடுமே என்று அவரும் வாங்கிக்கொள்கிறார். மாலையில் மளிகைக் கடையில் அரிசிக்கு அதைக் கொடுத்தால், வேறு காசு இருந்தால் கொடு என்கிறார்கள். வாசிகூட அன்று, காசு முழுவதுமே தள்ளுபடி.

இவ்விடத்தில் பொறுப்பு யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எல்லாவகைக் காசையும் வாங்கிக்கொள்ள வங்கிக் கிளைகள் கடமைப்பட்டவை என்பது ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்ப இட்டுவரும் உத்தரவு. வெளியிட்டவனிடமே போய்க் கேட்பது என்ற முறைக்கு இன்று வழி அதுவே. ஆனால் அந்த அம்மாள் வங்கிக்குப் போய் வரிசையில் நின்று திரும்புவதற்குள் பூ வாடிவிடும்; அவருக்காக அந்தப் படி ஏறுவதற்கு வேறொருவர் வேண்டும். காசு அறிந்தவர்கள் இப்பகுதியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்கள் மளிகைக் கடையில் அத்தகைய காசு மறுக்கப்படுவதைக் காணும்போது, ஒதுங்கி நில்லாமல், இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கடைக்காரருக்கு ஆண்டையும் குறியையும் காட்டி விளக்கலாம். அவர் ஒப்பாவிட்டால், அந்தக் காசுகளைத் தாங்கள் வாங்கிக்கொண்டு, அந்த அம்மாளிடம் தாளைக் கொடுத்துவிட்டு, மறுநாள் வங்கியில் தாங்களே கட்டிவிடலாம்.